மார்பைக் காக்கும் தகடு கழுத்தை அறுக்கலாமா?

"துளைக்காது" என்ற ஒரு சொல்லை முதலாக வைத்து ஒரு வணிகம் நடைபெறுகின்றது. எஃகுத் தகட்டை மார்பிலே கட்டிக்கொள், துவக்குச் சன்னம் உன்னைத் துளைக்காது, விலை மலிவு, பல்லாண்டு நின்று பிடிக்கும் என்று அமெரிக்கச் சந்தையிலே கூவி விற்கின்றனர். தகடு சன்னத்தைத் தடுக்கின்றது என்பது பெரும்பாலும் உண்மையே. ஆனால், தடுக்கப்பட்ட சன்னம் எங்கே போகின்றது? வாங்குபவன் கேட்கத் தெரியாத அக்கேள்விக்கு விற்பவர் பலர் விடை சொல்வதில்லை. சொல்பவரோ, மேலதிகப் பணம் தந்தால் சிதறலை அடக்கும் தடித்த பூச்சும் தருவோம் என்கின்றனர். உயிரைக் காக்கும் என்று விற்ற பொருள் உயிரை வாங்காதிருப்பதற்கு வேறொரு விலையா?

யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டியவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. சுண்ணக்கல்லில் அலவாங்கு விழும்போது தெறிக்கும் சில்லு, வெட்டுகின்றவனின் கண்ணையும் முழங்காலையும் தேடி வருகின்றது. எஃகுத் தகட்டின் விடயத்தில் உடைவது தகடன்று, சன்னம். ஈயமும் செப்புறையும் கொண்ட 9.6 கிராம் சன்னம் ஒன்று வினாடிக்கு 847 மீற்றர் வேகத்தில் வந்து மோதுமாயின், அது சுமந்துவரும் சக்தி 3,400 யூலுக்கு மேற்பட்டது. தன்னினும் கடினமான தகட்டில் அது நொறுங்குகின்றது. நொறுங்கினாலும் அதன் வேகம் முழுவதும் மாய்ந்துவிடுவதில்லை. துண்டுகள் தகட்டின் முகத்தை ஒட்டியபடியே நாற்புறமும் விசிறிபோல் விரிந்து பாய்கின்றன. மேலே பாய்பவை தாடைக்கும் கழுத்துக்கும். பக்கங்களிற் பாய்பவை மேற்கைகளுக்கும். கீழே பாய்பவை அடிவயிற்றுக்கும் தொடைக்கும். தகடு மறைக்காத இடங்கள் யாவை? இவையே. பெருநாடிகள் தோலுக்கு அண்மையில் ஓடும் இடங்கள் யாவை? இவையுமே. வேலியே பயிரை மேய்ந்த கதையை இதனினும் தெளிவாக எவரும் சொல்லிவிட முடியாது.

இத்தகடுகளில் மலிந்து கிடக்கும் எஃகு எதற்கென ஆக்கப்பட்டது? சுரங்கங்களிலே கல்லையும் மண்ணையும் அள்ளும் இயந்திரக் கரண்டிகள் தேயாதிருப்பதற்காக ஆக்கப்பட்டது. ஏ.ஆர். 500 என்னும் அதன் பெயரில் உள்ள எழுத்துக்கள் தேய்வைத் தாங்கும் தன்மையையும், இலக்கம் பிரினெல் அளவையில் ஏறத்தாழ 500 என்னும் கடினத்தையும் குறிப்பன. சுடுபயிற்சிக்கு இலக்காகவும் அதனை நிறுத்துகின்றனர். அப்படி நிறுத்தும்போது, சுடுகின்றவன் பல மீற்றர் விலகி நிற்கின்றான். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிகின்றான். துண்டுகள் மண்ணிலே விழும்படி இலக்கை நிலம் நோக்கிச் சரித்து வைக்கின்றான். அதே எஃகை மனிதனின் மார்பிலே கட்டியதும் இந்த எச்சரிக்கை எங்கே போயிற்று? தகட்டின் மேல்விளிம்புக்கும் அவனது தாடைக்கும் இடையே ஒரு சாண் தூரங்கூட இல்லையே!

தராதரம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றது. அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவகம் 1972ஆம் ஆண்டு முதல் கவசங்களுக்குத் தராதரம் வகுத்து வருகின்றது. 2008இல் வெளியான பதிப்பு முக்கியமாக இரண்டு கேள்விகளைக் கேட்டது. சன்னமோ அதன் துண்டோ கவசத்தைத் துளைத்து மறுபுறம் வந்ததா? பின்னாலுள்ள களிமண்ணிலே பதிந்த குழி 44 மில்லிமீற்றருக்கு மேற்பட்டதா? இரண்டுக்கும் இல்லை என்றால் கவசம் தேறியது. களிமண்ணுக்குக் கழுத்து இல்லை. ஆகவே முகப்பிலிருந்து தெறித்தவை கழுத்தைத் தொட்டனவா என்ற மூன்றாவது கேள்வி அங்கே எழவில்லை.

அந்தத் தராதரமுங்கூட விரும்பியவர் ஏற்கும் ஒன்றேயாகும். அமெரிக்க சமஷ்டிச் சட்டம், வன்முறைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவன் கவசம் வைத்திருக்கலாகாது என்கின்றது. அணிபவன் யார் என்று கேட்கும் சட்டம், அணியப்படுவது யாது என்று கேட்பதில்லை. காவற்படையினருக்கு அங்கி வாங்க 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அரசு மானியம் வழங்கும்போது தராதரச் சான்று வேண்டும் என்கின்றது. அரசு காசு கொடுத்தால் சான்று. குடிமகன் காசு கொடுத்தால் விளம்பரம்! இதுவா சமநீதி?

சட்டம் பயின்றோர் 1932ஆம் ஆண்டின் டொனகியூ எதிர் ஸ்ரீவன்சன் வழக்கை மறந்திரார். உள்ளிருப்பது வெளியே தெரியாத போத்தலில் பானத்தைத் தயாரித்து விற்ற உற்பத்தியாளன், அதனைக் குடிக்கப்போகும் முன்பின் அறியாத ஒருவருக்கும் கடமைப்பட்டவன் என்பது அங்கே நிலைநாட்டப்பட்ட நியாயம். துணி உறைக்குள் தைக்கப்பட்டிருக்கும் தகடும் அத்தகைய போத்தலே. அணிபவன் அதனை வெட்டிப் பார்த்து வாங்க இயலாது. சுடப்படும் அன்றே அதன் குணம் அவனுக்குத் தெரியவரும். அன்று தெரிந்து ஆவதென்ன?

"ஒன்றுமில்லாதிருப்பதிலும் இரும்பாவது மேலன்றோ?" என்பார் உளர். இவ்வாதத்தை நாம் எள்ளி நகையாடோம். 1942இல் சோவியத் படையின் பொறியியலாளர்க்கு 2 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள எஃகு மார்புக் கவசம் வழங்கப்பட்டது. பஞ்சு வைத்துத் தைத்த மேற்சட்டையின்மீது அதனை அணிந்தனர். 2022இல் உக்ரேன்மீது ரஷ்யா படையெடுத்தபோது, நல்ல கவசங்கள் கிடையாத நிலையில், தொண்டர்கள் பட்டறைகளிலே எஃகை வெட்டித் தகடு செய்தனர். பழைய வாகனங்களின் வில்லுத் தகடுகளுங்கூட அதற்குப் பயன்பட்டன. வேறு வழியற்றவன் இரும்பை அணிவது குற்றமன்று. வழியிருந்தும் வெற்று இரும்பை விற்பதே குற்றம்.

ஏனெனில், சிதறலைக் குறைக்கும் வழி மறைபொருள் அன்று. ஒரு வாளித் தண்ணீரைச் சீமெந்துத் தரையில் ஊற்றிப் பாருங்கள், கால் நனையும். வைக்கோலின்மீது ஊற்றிப் பாருங்கள், நனையாது. தகட்டின் முகத்திலே தடித்த பொலியூரியாப் பூச்சையோ றப்பர்ப் படையையோ இடுவதன் நோக்கமும் இதுவே: நொறுங்கிய துண்டுகள் அதற்குள்ளேயே சிக்கவேண்டும். அதற்கு வெளியே கெவ்லர் போன்ற அராமிட்டு இழைத்துணியால் விளிம்புகளையும் மூடி உறையிட்டால், பூச்சைத் தாண்டியவற்றையும் அது பிடிக்கும். எனினும் மெல்லிய பூச்சு நம்பத்தக்கதன்று. ஒரே இடத்தில் மீண்டும் அடிபட்டால் பூச்சுக் கிழிந்து உரியும். உரிந்த இடத்தில் மீண்டும் வெற்று இரும்பே நிற்கும். ஆகவே சூடுபட்ட தகட்டை மறுபடி அணிதல் தகாது.

இதனினும் சிறந்தது மட்கலத் தகடு. அதன் கடினமான முகம் சன்னத்தை நொறுக்குகின்றது. தானும் நொறுங்கி அதன் சக்தியை விழுங்குகின்றது. பின்னாலுள்ள பொலித்தீன் இழைப்படை எஞ்சியவற்றைப் பிடித்துக்கொள்கின்றது. கீழே விழுந்தால் வெடிப்பு விடக்கூடும்; பேணிப் பார்த்து அணியவேண்டும்; விலையும் அதிகம். ஆனால் 6 மில்லிமீற்றர் எஃகுத் தகடு ஒன்றே ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. முன்னும் பின்னுமாக ஏழு கிலோவைச் சுமப்பவன் தன் கழுத்துக்கான ஆபத்தையும் உடன் சுமக்கின்றான் என்பதை விலைச்சீட்டு காட்டுவதில்லை.

இது எங்கோ நடக்கும் வணிகம். தமிழருக்கு இதில் என்ன என்று கேட்கவேண்டாம். வன்னி மண்ணிலே மிதிவெடி அகற்றும் எம் சகோதர சகோதரிகள் முகமறைப்பும் காப்பங்கியும் அணிந்து, அங்குலம் அங்குலமாக நிலத்தைத் துருவி, உழவனுக்கு வயலை மீட்டுத் தருகின்றனர். அவர்களது தொழிலுக்கான சர்வதேசத் தராதரம் ஒரு விதியைக் கூறுகின்றது: வெடி வெடித்தால் கையிலுள்ள கருவி தானே துண்டாகிப் பறப்பது இயன்றளவு குறையும்படி அக்கருவி செய்யப்படல் வேண்டும். பகைப்பொருளின் துண்டை மட்டுமன்றி, உதவிப்பொருளின் துண்டையும் அவ்விதி கணக்கில் எடுக்கின்றது. ஏழைத் தொழிலாளியின் துருவிக்கு இருக்கும் இந்த நியாயம், மார்பிலே கட்டும் தகட்டுக்கு ஏன் இல்லை?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. தகட்டைச் சோதிக்கும்போது கழுத்தும் கையும் தொடையும் இருக்கும் இடங்களிலே சாட்சித் தாள்களை நிறுத்தி, அவற்றில் விழும் துண்டுகளை எண்ணவேண்டும்; எண்ணிக்கையை வாங்குபவர்க்கு அறிவிக்கவேண்டும். சிதறலை அடக்கும் படையில்லாத எஃகுத் தகட்டை உடற்கவசம் என்ற பெயரில் விற்பதைச் சட்டம் தடுக்கவேண்டும். அந்தப் படையை மேலதிக விலைக்குரிய அலங்காரமாக அன்றி, கவசத்தின் பிரிக்கலாகாத உறுப்பாகக் கொள்ளவேண்டும்.

துளைத்ததா இல்லையா என்பது தகட்டைப் பற்றிய கேள்வி. அணிந்தவன் வீடு திரும்பினானா என்பதே கவசத்தைப் பற்றிய கேள்வி. இரண்டாவதற்கு விடை சொல்லாதவன் விற்பது கவசமன்று, வெறும் இரும்பு.