இரத்தம் இலவசம், இரும்பு யார் கணக்கில்?

போன மாதம் எங்கள் தெருவுக்கு அடுத்த கல்யாண மண்டபத்தில் இரத்ததான முகாம். பேனர், சான்றிதழ், பழச்சாறு, பிஸ்கட் எல்லாம் உண்டு. பென்ஷன்காரர், பெரியவர் என்று என்னையும் மேடையில் உட்காரவைத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இரத்தம் கொடுக்க வந்த பிள்ளைகளைப் பாராட்டினேன். பிறகு, "இந்தப் பையோடு சேர்ந்து உடம்புக்குள் போகும் இரும்பை யார் வெளியே எடுப்பது?" என்று கேட்டேன். நேரமாகிவிட்டது என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அங்கே பேச விடாததை இங்கே எழுதுகிறேன்.

என் ஒன்றுவிட்ட தங்கையின் பேரனுக்குத் தலசீமியா மேஜர். அவன் உடம்பு ஹீமோகுளோபினைச் சரியாக உண்டாக்காது. கைக்குழந்தையாக இருந்தபோதே இரத்தம் ஏற்ற ஆரம்பித்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, தவறாமல். இரத்தத்துக்குக் காசு வாங்கியதில்லை. அதற்காகக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். என் சண்டை இரத்தத்தைப் பற்றியது அல்ல.

நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன். எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன். ஒரு பை சிவப்பணுவில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நம் உடம்பு தோல் வழியாகவும் குடல் வழியாகவும் ஒரு நாளைக்கு இழப்பது 1 மில்லிகிராம் அளவுதான். அதற்கு மேல் வேண்டாத இரும்பை வெளியே தள்ள உடம்பில் வழியே கிடையாது. ஆக, 21 நாளில் வரவு 200, செலவு 21. மீதி 179 அடுத்த கணக்குக்கு முன்கொணர்வு. வருஷத்துக்கு 17 பை என்றால் 3,400 மில்லிகிராம் உள்ளே போகிறது. வளர்ந்த ஆள் ஒருவரின் முழு உடம்பிலும் இருக்க வேண்டிய இரும்பே 3 முதல் 4 கிராம்தான்! நான் படித்த பிரெஞ்சில் இதற்கு 'சுர்ஷார்ஜ்' என்பார்கள். லாரியில் அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவதற்கும் அதே சொல்தான்.

அந்தப் பாரம் கல்லீரலில் இறங்குகிறது, இதயத்தில் இறங்குகிறது, சுரப்பிகளில் இறங்குகிறது. பையன் வளரமாட்டான், மீசை அரும்பாது, கணையம் கெட்டுச் சர்க்கரை வரும். கடைசியில் இதயம். இரத்தம் ஒழுங்காகக் கிடைத்தும் இந்தப் பிள்ளைகளில் பல பேரைக் கொண்டுபோவது இதயத்தில் சேர்ந்த இந்த இரும்புதான்.

மருந்து இல்லாத நோய் என்றால் விதி என்று விட்டுவிடலாம். மருந்து இருக்கிறதே! 1960களிலேயே டெஸ்ஃபெரியாக்ஸமின் வந்துவிட்டது. வயிற்றுத் தோலுக்கு அடியில் ஊசியைக் குத்தி, சின்ன பம்பு வைத்து, ராத்திரி 8 முதல் 12 மணி நேரம் ஏற்ற வேண்டும், வாரத்தில் 5 ராத்திரிக்குக் குறையாமல். கொடுமைதான். ஆனால் உயிரைப் பிடித்து வைத்தது. 1990களில் நம் நாட்டிலேயே டெஃபெரிப்ரோன் மாத்திரை விற்பனைக்கு வந்தது. அதில் வெள்ளணு குறையலாம், அடிக்கடி இரத்தம் சோதிக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஓட வேண்டும். பிறகு டெஃபெராசிராக்ஸ், தினம் ஒரு வேளை. அதற்குச் சிறுநீரகமும் கல்லீரலும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். 10 முதல் 20 தடவை இரத்தம் ஏற்றியதும், அல்லது ஃபெரிட்டின் 1,000ஐத் தாண்டியதும், இவற்றில் ஒன்றைத் தொடங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விதி.

எங்கள் பையனுக்கு 9 வயதில்தான் முதல் ஃபெரிட்டின் சோதனையே நடந்தது. 4,000க்கு மேல். அதுவரை கொண்டுபோன மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) ஒருவரும் அவன் அம்மாவிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அதற்குப் பிறகும் மாத்திரை இரண்டு மாதம் கிடைக்கும், மூன்றாம் மாதம் "ஸ்டாக் இல்லைம்மா, வெளியே வாங்கிக்கோங்க". வெளியே வாங்குகிற வசதி இருந்தால் அவள் ஏன் அந்த வரிசையில் நிற்கிறாள்? நானும் ஸ்டோர் பிரிவில் இருந்தவன். இருப்பு தீர்ந்த பிறகு இன்டென்ட் போடுகிற குமாஸ்தாவை எங்கள் சூப்பரின்டென்டென்ட் நிற்கவைத்துக் கேள்வி கேட்பார். அங்கே தீர்ந்தது பேப்பரும் பென்சிலும். இங்கே?

யானையை வாங்கிக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்குக் காசில்லை என்கிறார்கள். "மாத்திரை கொடுத்தாலும் இந்தப் பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை சார்" என்று ஒரு மருந்தாளுநர் என்னிடமே சொன்னார். உண்மையும் உண்டு. வயிறு புரட்டும், வயசுப் பிள்ளைக்கு வெறுப்பு வரும். ஆனால் நாலு மாதத்தில் ஒரு மாதம் மருந்தே இல்லை என்று நீங்களே நிறுத்தினால், அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? அது அவ்வளவு முக்கியமில்லை போலிருக்கிறது என்றுதான் நினைக்கும். இரத்தத்தை அப்படி ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள், ஊரே கூடிவிடும். இரத்தம் இல்லையென்றால் முகம் வெளுப்பது ஒரு வாரத்தில் தெரிகிறது. இரும்பு பத்து வருஷம் சத்தமில்லாமல் சேருகிறது. அதனால்தான் இந்த அலட்சியம்.

நம் பங்கும் இருக்கிறது. பையனைப் பார்க்க வருகிற ஒவ்வொரு பெரியம்மாவும் பேரீச்சம்பழம் வாங்கி வந்தாள், முருங்கைக் கீரை செய்யச் சொன்னாள். ஒருவர் இரும்புச்சத்து டானிக் இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். கீரையால் சேருவது, பைகளோடு ஒப்பிட்டால் கொஞ்சம். ஆனால் டானிக்கை அந்த வீட்டு வாசலில் வைக்காதீர்கள். 'இரத்தம் குறைவு' என்றாலே இரும்பு கொடு என்பது நம் தலைமுறையின் மூடநம்பிக்கை. நானும் கொடுத்திருக்கிறேன், அவன் 3 வயதாக இருந்தபோது, ஒரு பாட்டில்.

இது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நம் வயதுக்காரர்கள் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். எலும்பு மஜ்ஜை தளர்ந்து மாதாமாதம் இரத்தம் ஏற்றிக்கொள்கிற கிழவர்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும். 20 பை தாண்டியவர்கள் "என் ஃபெரிட்டின் எவ்வளவு டாக்டர், எனக்கு அந்த மருந்து வேண்டுமா?" என்று கேட்கலாம். சிலருக்கு வேண்டும், சிலருக்கு வேண்டாம், அது மருத்துவர் முடிவு. கேட்பது நம் உரிமை.

2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் தலசீமியாவும் ஒரு ஊனமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைக் காட்டி ஒரு மனு எழுதியிருக்கிறேன். கேட்டிருப்பது ஒன்றே ஒன்று. இரத்தப் பை வழங்கும் பதிவேட்டில், அதே வரியில், இரண்டு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: கடைசி ஃபெரிட்டின் தேதி, இன்று கொடுத்த மாத்திரை எண்ணிக்கை. மூன்று மாதத்துக்கு மேல் பழைய தேதியோ, மாத்திரைக் கட்டத்தில் சைபரோ இருந்தால் மேலதிகாரி சிவப்பு மையில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்குப் புது நிதி தேவையில்லை, ஒரு அடிக்கோல் போதும்.

மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பி 6 வாரம் ஆகிறது. ஒப்புகை அட்டை வந்துவிட்டது. பையனுக்கு இப்போது 16 வயது, போன தீபாவளியிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறான். வரும் வியாழக்கிழமை அவனுக்கு அடுத்த பை.