எண்ணெயை அளந்தார்களா?

கோடை பிறந்ததும், கார் வைத்திருக்கிற பல வீடுகளுக்கு ஒரு செலவு வந்து சேருகிறது.

"ஏ.சி. குளிரவில்லை. கம்ப்ரசர் போய்விட்டது. புதிதாகப் போட வேண்டும்" என்று மெக்கானிக் சொல்லுகிறார். ஆயிரக்கணக்கில் பணம் ஆகிறது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவருக்கு அது பல நாள் உழைப்பு.

கடனோ உடனோ வாங்கிப் பணத்தைக் கட்டுகிறார். புது கம்ப்ரசர் மாட்டப்படுகிறது. கார் குளுகுளு என்று ஆகிவிடுகிறது.

சில மாதங்கள் போகின்றன. திடீரென்று "கடகட" என்று சத்தம்! புது கம்ப்ரசரும் இறுகிப்போய் நின்றுவிடுகிறது!

"சாமான் மட்டம்" என்கிறார் மெக்கானிக். "மாட்டியது சரியில்லை" என்கிறார் கடைக்காரர். நடுவில் நின்று விழிக்கிறவர் காருக்குச் சொந்தக்காரர்.

சாமான் மட்டமாகவும் இருக்கலாம். ஆனால் பல சமயம் குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. அது எண்ணெய்!

ஏ.சி.க்கு எண்ணெயா?

ஆம். கம்ப்ரசர் என்பது கியாசை அழுத்தித் தள்ளுகிற எந்திரம். பெரும்பாலான கார்களில் என்ஜின்தான் பெல்ட் மூலம் அதைச் சுற்றுகிறது. உள்ளே இரும்பும் அலுமினியமும் உராய்ந்து வேலை செய்கின்றன. எண்ணெய் இல்லாவிட்டால் அவை சூடேறித் தேய்ந்து பிடித்துக்கொள்ளும்.

இந்த எண்ணெய் கம்ப்ரசருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது இல்லை. கியாசோடு சேர்ந்து அதுவும் ஊர் சுற்றுகிறது! காரின் முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற கண்டென்சருக்குப் போகிறது. டாஷ்போர்டுக்குள் இருக்கிற குளிர்பெட்டிக்குப் போகிறது. குழாய்களில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு கம்ப்ரசருக்குத் திரும்பி வருகிறது.

சிறிய கார்களில் மொத்த எண்ணெயே சுமார் 100 முதல் 150 மில்லி வரைதான் இருக்கும். ஒரு டீ கிளாஸ் அளவு!

என்ஜின் ஆயிலைப் பார்க்க ஒரு குச்சி இருக்கிறது. இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கார் ஏ.சி.க்கு அப்படி ஒரு குச்சி இல்லை. எவ்வளவு இருக்கிறது என்று வெளியில் இருந்து யாராலும் சொல்ல முடியாது. கணக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கணக்கைத்தான் பல பட்டறைகளில் போடுவது இல்லை.

கணக்கு இதுதான்

ஒரு உதாரணம் சொல்லுகிறோம். ஒரு காரின் ஏ.சி. முழுவதற்கும் 120 மில்லி எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கம்ப்ரசரைக் கழற்றி, கவிழ்த்து, கையால் சுற்றி வடித்தால் 40 மில்லி வருகிறது. அப்படியானால் மீதி 80 மில்லி எங்கே? கண்டென்சரிலும் குளிர்பெட்டியிலும் குழாயிலும் இருக்கிறது.

புது கம்ப்ரசர் பல சமயம் முழு 120 மில்லியோடு வருகிறது. அதை அப்படியே மாட்டினால் என்ன ஆகும்? 80-ம் 120-ம் சேர்ந்து 200! ஆகவே, புதியதில் இருந்து 80 மில்லியை வடித்துவிட்டு, 40 மில்லியை மட்டும் விட்டு மாட்ட வேண்டும்.

சில கம்ப்ரசர்கள் எண்ணெயே இல்லாமலும் வருகின்றன. அதைப் பார்க்காமல் மாட்டினால் கதை அன்றோடு முடிந்தது.

"அதிகமாக இருந்தால் நல்லதுதானே?" என்று கேட்கலாம். சமையலில்கூட அது சரி இல்லை! எண்ணெய் அதிகமானால் குளிர்பெட்டிக்குள் படிந்து குளிரைக் குறைக்கும். அழுத்தம் ஏறும். கியாசை அழுத்தலாம், எண்ணெயை அழுத்த முடியாது. அது மொத்தமாக வந்து மோதினால் கம்ப்ரசரின் வால்வே உடைந்துபோகும்.

இந்தக் கணக்குக்கும் விலக்கு உண்டு. கியாஸ் ஒழுகிய கார் என்றால், எண்ணெயும் கூடவே ஒழுகியிருக்கும். அப்போது பழைய கம்ப்ரசரில் வடிந்த அளவை நம்பக்கூடாது. உள்ளே எல்லாவற்றையும் கழுவிவிட்டு, கார் கம்பெனி சொல்லுகிற முழு அளவை ஊற்றுவதே சரி. கண்டென்சரையோ குளிர்பெட்டியையோ மாற்றினாலும், அதோடு போன எண்ணெயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வடித்த எண்ணெயைக் கண்ணால் பாருங்கள். தெளிவாக இருந்தால் நல்லது. கறுத்திருந்தாலும், வெள்ளித் தூள்போல் மின்னினாலும் ஆபத்து! பழைய கம்ப்ரசர் அரைபட்டு, அதன் தூள் எங்கும் பரவிவிட்டது என்று பொருள். இப்போதைய கண்டென்சர்களில் வழிகள் மிகவும் நுண்ணியவை. கழுவினாலும் தூள் முழுவதும் போகாது. அதையும் மாற்றத்தான் வேண்டும். செலவுக்குப் பயந்து விட்டால், அந்தத் தூள் புது கம்ப்ரசரைத் தின்றுவிடும்.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். ஆர்-134 ஏ கியாஸ் உள்ள கார்களில் பெரும்பாலும் பி.ஏ.ஜி. என்ற எண்ணெய் ஊற்றப்படுகிறது. அதிலும் கெட்டி, தண்ணி என்று ரகங்கள் உண்டு. இந்த எண்ணெய் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டப்பாவைத் திறந்து மாதக்கணக்கில் மூலையில் வைத்திருந்தால் அது கெட்டது. பழைய சாமான் கடைகளில் வாய் திறந்து கிடக்கிற கம்ப்ரசரும் அப்படித்தான். அதை வாங்கத்தான் வேண்டும் என்றால், உள்ளே இருப்பதை வடித்துக் கொட்டிவிட்டுப் புது எண்ணெய் ஊற்றச் சொல்லுங்கள்.

கியாஸ் பெட்ரோல் அல்ல

"வருஷா வருஷம் கியாஸ் போட வேண்டும்" என்று சிலர் சொல்லுகிறார்கள். வாசகர்கள் இதை நம்ப வேண்டாம். கியாஸ் பெட்ரோல்போல் எரிந்து தீர்ந்துபோவது இல்லை. அதே கியாஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. மிக மெதுவாகக் கொஞ்சம் கசியும். ஒரு வருஷத்தில் குளிர் நின்றுபோனால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது! குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் அழுக்கும் ஒட்டியிருந்தால், அதுவே ஓட்டையின் அடையாளம். ஓட்டையை அடைக்காமல் கியாசை மட்டும் அடைத்துக்கொண்டே போனால், எண்ணெய் குறைந்துகொண்டே வரும். ஒரு நாள் கம்ப்ரசர் இறுகும்.

1939-ம் ஆண்டில் அமெரிக்காவில் பேக்கார்டு கம்பெனி குளிர்சாதனக் காரை அறிமுகப்படுத்தியது. அதில் ஏ.சி.யை நிறுத்த வேண்டும் என்றால், என்ஜினை நிறுத்தி, இறங்கிப் போய், கம்ப்ரசர் பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டுமாம்! இன்று ஒரு பொத்தானைத் தொட்டால் போதும். எந்திரம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. எண்ணெயை ஊற்றும் முறை மட்டும் பல இடங்களில் "கண்ணால் பார்த்து ஒரு மடக்கு" என்றே இருக்கிறது.

மெக்கானிக்குகளைக் குறை சொல்லுவது நமது நோக்கம் அல்ல. வெயிலில் காருக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவர்கள் அவர்கள். பலர் வேலை செய்துதான் வேலையைக் கற்றார்கள். ஏட்டைப் பார்த்து அல்ல. அவர்களுக்கு ஒவ்வொரு காரின் எண்ணெய் அளவையும் எளிய தமிழில் அச்சிட்டுக் கொடுப்பது கார் கம்பெனிகளின் கடமை. புது கம்ப்ரசர் பெட்டியிலேயே, "இதில் இத்தனை மில்லி இருக்கிறது" என்று தமிழில் ஒரு சீட்டு வைத்தால் என்ன? காகிதம் ஒன்றும் பெரிய விலை இல்லை.

பட்டறைக்காரர்களும் ஒன்று செய்யலாம். பழையதில் வடிந்தது எவ்வளவு, புதியதில் விட்டது எவ்வளவு என்று பில்லில் எழுதிக் கொடுக்கலாம். நாளைக்குத் தகராறு வந்தால் அவர்களுக்கும் அதுவே பாதுகாப்பு.

காருக்குச் சொந்தக்காரர் கேட்க வேண்டியது மூன்று கேள்விகள். எண்ணெயை அளந்தீர்களா? இணைப்புகளில் ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போட்டீர்களா? கியாஸ் விடும் முன் மோட்டார் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் அரை மணி நேரமாவது உறிஞ்சினீர்களா? மரியாதையாகக் கேட்டால் நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அடுத்த பட்டறைக்குப் போகலாம்.

பழைய கியாசை வெளியே "புஸ்" என்று திறந்துவிடுவதும் கூடாது. ஆர்-134 ஏ கியாஸ், கரியமில வாயுவைப்போல் சுமார் 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. அரை கிலோவைத் திறந்துவிட்டால் 700 கிலோ கரியமில வாயுவை விட்டதற்குச் சமம்! அதை உறிஞ்சிப் பிடித்து வைக்க எந்திரம் இருக்கிறது. வேலை செய்கிறவர் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் திரவம் கண்ணில் பட்டால் கண்ணே உறைந்துபோகும்.

இப்போது மின்சாரக் கார்கள் வந்துவிட்டன. அவற்றில் கம்ப்ரசருக்குள்ளேயே மின் மோட்டார் இருக்கிறது. மின்சாரம் கடத்தாத பி.ஓ.இ. என்ற வேறு எண்ணெய்தான் அவற்றில் பெரும்பாலும் இருக்கிறது. பெட்ரோல் கார் டப்பாவில் இருந்து பி.ஏ.ஜி. எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றினாலும் மின்சாரம் கசியக்கூடும். கார் ஓடாமல் நின்றுவிடக்கூடும். அந்தக் கார்களைத் தொடும் முன், எண்ணெய் டப்பாவின் மேல் எழுதியிருப்பதை ஒரு முறை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுங்கள்.