கருணாபுரமும் கார்பன் நானோகுழாயும்

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்டோரை மாய்த்தது. அதன்பின் கல்வராயன் மலையில் ஊறல்கள் அழிக்கப்பட்டன. நன்றே. ஆயினும் மெத்தனாலை நாவும் மூக்கும் பிரித்தறியமாட்டா. கல்லீரல் அதனை ஃபார்மிக் அமிலமாக்கிக் கண்ணரம்பைக் கெடுத்த பின்னரே குடித்தவன் உணர்வான். மாற்று மருந்துண்டு, காலத்தே கொடுத்தல் வேண்டும். இரத்தத்தில் மெத்தனாலை அளக்கும் கருவிகளோ பெரும்பாலும் பெரிய சோதனைச்சாலைகளுக்கே உரியன. படுக்கையருகிலேயே ஒரு துளி இரத்தத்தில் அதனைக் காட்டும் சிறு கருவி வேண்டும். அதற்குரிய ரசாயனம் நம் கலாசாலைகளில் ஊன்றிப் பயிலப்படல் வேண்டும் என்பதே நம் கருத்து.

அது யாதெனில், ஆல்கஹால் ஆக்சிடேஸ் என்னும் நொதி ஒரு புரதம். மெத்தனாலோடு அது வினைபுரிகையில் பிறக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கார்பன் நானோகுழாய் மின்குறிப்பாக்கித் தரும். ஆனால் வெறுங்குழாயின்மேல் புரதம் கண்டபடி ஒட்டி உருக்குலையக்கூடும். நைட்ரிக் அமிலத்திற் காய்ச்சினால் குழாயில் கார்பாக்சில் தொகுதிகள் முளைக்கும். அவற்றோடு புரதத்தின் லைசீன்கள் பிணையும். லைசீன்களோ பல, எது பிணையும் என்பது நம் கையில் இல்லை. அமிலமும் குழாயின் சுவரைச் சிதைக்கும். 2001-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் வேறு வழி கண்டனர். பைரீன் என்னும் தட்டையான மூலக்கூறு சுவரைச் சிதைக்காது அதன்மேற் படியும். அதன் மறுமுனை புரதத்தைப் பற்றும். பற்றும் இடத்தையும் வரையறுக்க வேண்டின், புரதத்தில் ஒரே சிஸ்டீனை வேண்டிய இடத்தில் அமைத்து அதனையே பிணைப்பர். மாட்டைக் கழுத்திற் பூட்டினாலன்றோ வண்டி நகரும்; வாலிற் பூட்டினால்?

இடர் ஒன்றுண்டு. இந்நொதி சாதாரணச் சாராயத்தின் எத்தனாலையும் விடாது. ஆதலின் மெத்தனாலிலிருந்து பிறக்கும் ஃபார்மால்டிஹைடை மட்டும் தேரும் இரண்டாம் நொதியையும் அருகே அமர்த்தல் வேண்டும். இரண்டும் தத்தம் இடத்தில் வாய் அடைபடாது நிற்றல் வேண்டும். கருவி பொய் சொன்னால் போவது உயிர்.

கீழடி ஓடுகளின் கரும்பூச்சில் நானோகுழாய்கள் காணப்பட்டமை 2020-இல் வெளியானபோது நாம் பெரிதும் பூரித்தோம். ஓட்டிற் கிடந்த குழாய் எதனையும் அளக்காது.

குடியை ஒழிக்காது கருவி செய்வதா எனச் சிலர் வினவுவர். மருத்துவமனை வாயிலிற் கிடந்தாரிடம் அவ்வினாவை எழுப்ப நமக்கு மனமில்லை. நொதி வெப்பத்தில் விரைவிற் செயலிழப்பது. கள்ளக்குறிச்சியின் சித்திரை வெயிலில் அது குளிர்பெட்டியின்றி எத்துணை நாள் உழைக்கும் என்பதனை நம் ரசாயன வகுப்பார் முதற்கண் அளந்து காட்டுவாராக.