தேள் சாப்பிடலையா? முதல்ல கையைக் கட்டிட்டு உட்காருங்க!

நாய் ஒரு வேளை சாப்பிடலைன்னா வீடே கவலைப்படும். அது நியாயம். ஆனா வெளியில ரூம் எடுத்துத் தங்கி எம்பரர் தேள் வளர்க்கிற நம்ம பசங்க சிலர், தேளுக்கும் அதே கணக்கைப் போடுறாங்க. "மச்சி, பத்து நாளா ஒண்ணையும் தொடல"ன்னு பதறி, பெட்டியைத் திறந்து, குச்சியால தட்டி, பூச்சியை மூஞ்சிக்கு நேரா நீட்டுறாங்க. என் கருத்தைச் சொல்லிடறேன்: பட்டினியை விட இந்தப் பதற்றம்தான் அந்தத் தேளுக்கு ஆபத்து.

எம்பரர் தேள் மேற்கு ஆப்பிரிக்கக் காட்டு உயிரினம். நம்ம ஊர் நட்டுவாக்காலி மாதிரியே கறுப்பா இருக்கும், சுமார் 20 செ.மீ. வரைக்கும் வளரும். தேள்களோட உடம்பு ரொம்பக் குறைவான சக்தியில ஓடும். வளர்ந்த தேளுக்கு வாரம் ஒண்ணோ ரெண்டோ பூச்சி போதும். பல வாரம் சாப்பிடாம இருந்தாலும் அதுக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது.

அது சாப்பிடாததுக்குக் காரணங்கள் உண்டு. இளம் தேள்னா தோல் உரிக்கப் போகுதான்னு பாருங்க. உரிக்கிறதுக்கு முன்னாடி வயிறு உப்பி, மந்தமா, சாப்பாட்டைத் தொடாம கிடக்கும். உரிச்ச பிறகும் புது ஓடு இறுகுற வரைக்கும் சில நாள் சாப்பிடாது. அந்த நேரத்துல உயிரோட இருக்கிற சுவர்க்கோழியை உள்ள விட்டுட்டுத் தூங்கப் போனீங்கன்னா, இரை வேட்டைக்காரனைக் கடிச்சுத் தின்னுடும். நல்லது செய்யறதா நினைச்சே தேளைக் கொல்ற வழி இது.

பெண் தேள்னா சினையா இருக்கலாம். தேள் முட்டை போடாது, குட்டிதான் போடும். எம்பரர் தேளுக்குச் சினைக்காலம் பல மாசம். அந்த உப்பின வயிறைப் பார்த்து "நோய்"னு முடிவு கட்டாதீங்க.

இன்னொண்ணு, அது சாப்பிட்டது உங்களுக்கே தெரியாம இருக்கலாம். தேள் மென்னு முழுங்காது. இரையைக் கிழிச்சு, செரிமான நீரால கரைச்சு, சாறை மட்டும் உறிஞ்சும். மிச்சம் ஒரு சின்ன கசங்கின உருண்டையா மூலையில கிடக்கும்.

இதெல்லாம் இல்லைன்னா தேளை விட்டுட்டுப் பெட்டியைப் பாருங்க. ஏசி ரூம்ல வச்சிருக்கீங்களா? அதுக்கு 25 முதல் 30 டிகிரி வேணும். குளிர்ந்தா உடம்பு மந்தமாகி, பசியும் போயிடும். கீழே போட்ட கோகோபீட் காஞ்சு கிடக்கா? ஈரப்பதம் வேணும். வளை தோண்ட ஆழம் இருக்கா, ஒளிய இடம் இருக்கா? தட்டையான கிண்ணத்துல தண்ணி இருக்கா? தண்ணி இல்லாமதான் அது சீக்கிரம் தளரும். தினமும் ராத்திரி நண்பர்களைக் கூப்பிட்டு யுவி டார்ச் அடிச்சு "பாரு, பச்சையா மின்னுது"ன்னு காட்டுறீங்கன்னா, அதை முதல்ல நிறுத்துங்க. அந்த ஒளியைத் தேள் தவிர்க்கப் பார்க்கும். நீங்க அதை ஒளிய விடாம அடிக்கிறீங்க.

லேப்ல சர்க்யூட் வேலை செய்யலைன்னா நாலு காம்பொனென்ட்டை ஒரே நேரத்துல மாத்த மாட்டோம். இங்கயும் அப்படித்தான். ஒண்ணை மாத்துங்க, ஒரு வாரம் விடுங்க. ராத்திரி ஒரு பூச்சி போடுங்க, காலையில தொடலைன்னா எடுத்துடுங்க. சின்னத் தேளா இருந்தா கொன்ன பூச்சியைப் பக்கத்துல வச்சுப் பார்க்கலாம். மெஸ்ல ஓடுற கரப்பானைப் பிடிச்சுப் போடாதீங்க. அது மேல என்ன மருந்து அடிச்சிருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது.

"அப்போ செத்தாலும் பார்த்துட்டு இருக்கணுமா?"ன்னு கேட்பீங்க. இல்லை. வயித்துத் தகடுகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வயிறு ஒட்டிப் போச்சு, நிக்க முடியல, காலை இழுக்குதுன்னா அது நிஜமான பிரச்சனை. அபூர்வப் பிராணிகளைப் பார்க்கிற கால்நடை மருத்துவரைத் தேடிப் போங்க. வயிறு உருண்டையா இருக்கிற வரைக்கும் அவசரம் இல்லை.

இனிமேதான் வாங்கப் போறேன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. எம்பரர் தேள் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் இருக்கு. இந்தியாவுல வச்சிருந்தா பரிவேஷ் தளத்துல பதிவு பண்ணணும். பேப்பர் இல்லாம விக்கிறவங்ககிட்ட வாங்காதீங்க. அதை விட முக்கியமா, உங்களையே கேட்டுக்கோங்க: மாசக்கணக்குல வளைக்குள்ளயே கிடக்கிற, கூப்பிட்டா வராத, உங்களை யாருன்னே தெரியாத ஒரு உயிரைத் தொடாம பார்த்துக்க முடியுமா? முடியும்னா வளருங்க. ரீல்ஸுக்குத்தான் வேணும்னா, தயவு செஞ்சு வேண்டாம்.