எங்கள் வரியை ஏன் வாங்க மறுக்கிறீர்கள்?

போன மே மாசம் எங்கள் பங்கில் மாதா திருவிழாவுக்கு நோட்டீஸ் அடித்திருந்தார்கள். கொடியேற்றம், நவநாள், ஆடம்பரத் தேர்ப்பவனி எல்லாம் போட்டு, கடைசியில் கட்டம் கட்டி ஒரு கியூஆர் கோடு. காணிக்கையை அதில் செலுத்தலாமாம். பேட்டில் இருக்கிற என் சித்தப்பா மகன், கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறவன், போனை நீட்டினான். ஆயிரம் ரூபாய் போய்விட்டது. மறுநாள் சாயங்காலம் கமிட்டிக்காரர் ஒருத்தர் வண்டியில் வந்தார். உள்ளே வரவில்லை. ரோட்டு முனையில் நின்றபடி ஆள் விட்டுக் கூப்பிட்டு, ரெண்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை அவன் கையில் திணித்தார். "தப்பா நெனச்சிக்காத தம்பி. உங்க தெருவுல வரி வாங்கற வழக்கம் இல்ல. உண்டியல்ல போடு, யாரு வேணாங்கறா?"

உண்டியலில் போடலாம், வரியாகக் கொடுக்கக் கூடாது. தோழர்களே, கத்தோலிக்கத் திருச்சபையின் சாதியத்தைப் பற்றிப் பெரிய பெரிய ஆய்வெல்லாம் வந்திருக்கிறது. எனக்கு அந்த ரெண்டு தாள் போதும். உண்டியல் காசுக்குப் பேர் கிடையாது. வரிக்கு ரசீது உண்டு, ரசீதில் பேர் உண்டு. பேர் இருந்தால் தலைக்கட்டு. தலைக்கட்டாக இருக்கிறவன் கூட்டத்தில் உட்கார்ந்து, தேர் எந்தத் தெரு வழியாகப் போகணும், ஏன் எங்க முனையோட திரும்புது என்று கேட்கலாம். அந்தக் கேள்வி வரக் கூடாது என்பதற்காகத்தான் காசையே வேண்டாம் என்கிறார்கள்.

நான் வங்கியில் எழுத்தர். பதினோரு வருஷமாக மற்றவர்கள் பணத்தை எண்ணுகிறேன். கள்ள நோட்டு வந்தால் பிடித்து வைக்கிறோம். நல்ல நோட்டை ஆள் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அதைத் திருச்சபையில்தான் பார்த்தேன்.

ஊர்ப் பேரைச் சொல்லவில்லை. பாகூர் கொம்யூனில் ஏரிப் பாசனத்து ஊர், அவ்வளவுதான். பேரைச் சொன்னால் அந்த ஊர் மட்டும்தான் மோசம் என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். எங்கள் பக்கம் சேரியைப் பேட் என்பார்கள். எங்கள் பேட்டில் எழுபத்து மூன்று குடும்பம். கோயில் வளாகத்தைக் கூட்டிப் பெருக்குவது எங்கள் பெண்கள். கல்லறைக் குழி தோண்டுவது எங்கள் ஆட்கள்.

பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். "நீங்க படிச்சவரு, பேங்குல இருக்கிறவரு, உங்களுக்குப் புரியும். கொஞ்சம் பொறுத்துப் போங்க. சாமியாருங்க வருவாங்க போவாங்க, ஊரு அப்படியே இருக்கும்" என்றார். முந்தின வருஷம் திருவிழாக் கணக்கைச் சரிபார்த்து எழுதித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டவரும் இவர்தான். கணக்கெழுத நான் வேண்டும். கணக்கில் என் பேர் கூடாது.

எங்கள் பங்கின் ஒரு வருஷத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

தையில் கோயில் மைதானத்தில் 'சமத்துவப் பொங்கல்'. அன்பியத்துக்கு ஒரு பானை. முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்களைப் போல அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி வேதம் வாசித்துப் பகிர்ந்து வாழ்வதுதான் அன்பியம் என்று வகுப்பெடுப்பார்கள். அக்கம்பக்கம் என்றால் தெரு. நம் நாட்டில் தெரு என்றால் சாதி. ஆக ஒன்பது அன்பியம், ஒன்பது பானை. ஏழு பானைப் பொங்கல் ஊருக்குள் கைமாறும். எங்கள் ரெண்டு பானைப் பொங்கலை நாங்களே தின்றுவிட்டுப் பானையைக் கழுவிக்கொண்டு வருவோம். சாமியார் மட்டும் ஒன்பதிலும் ஒரு கரண்டி ருசி பார்ப்பார். சமத்துவம் அந்தக் கரண்டியோடு முடிந்தது.

பெரிய வியாழன் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுகிற சடங்கு. பத்து நாற்காலி ஊருக்கு, கடைசி ரெண்டு பேட்டுக்கு. என் நைனா ஒரு வருஷம் பன்னிரண்டாவதில் உட்கார்ந்துவிட்டு வந்து, "யூதாஸ் எடத்துல உக்கார வச்சானுங்கடா" என்று சிரித்தார். 2016-இல் போப் பிரான்சிஸ் விதியை மாற்றி, பெண்கள் காலையும் கழுவலாம் என்றார். எங்கள் ஊரில் அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை. கோயிலைக் கூட்டுகிற பெண்ணின் காலைக் கோயிலுக்குள் வைத்துக் கழுவுவது எப்பேர்ப்பட்ட காரியம்!

மேயில் தேர். அந்தக் காலத்தில் தேருக்கு முன்னால் பறையடித்தது என் தாத்தா. நைனா காலத்தில், அடிக்க மாட்டோம் என்று நிறுத்தினோம். அந்த வருஷம் அறுப்புக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை. பாகூர்ப் பக்கத்தைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். நெல்லை அறுத்தது எங்கள் கை, களஞ்சியம் யாருடையது என்பது அந்த வருஷம் தெரிந்தது. இப்போது பேண்டு செட் வருகிறது. தேர் ஊரை முழுக்கச் சுற்றிவிட்டு எங்கள் ரோட்டு முனைக்கு வந்ததும் திரும்பிவிடும். எங்கள் கிழவிகள் முனையில் மெழுகுவர்த்தியோடு நின்று மாதாவின் முதுகைப் பார்த்துக் கும்பிடுவார்கள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். செத்த பிறகாவது என்று நினைக்காதீர்கள். அங்கேயும் மேற்கு அவர்களுக்கு, கிழக்கு எங்களுக்கு. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் சுவரே எழுப்பியிருந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு வரிசை ஒதியமரம் நிற்கிறது. மரத்துக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

இதே சனங்களை வில்லியனூரில் பாருங்கள். 1877-இல் பிரான்சிலிருந்து லூர்து மாதா சுரூபம் வந்த கோயில். ஈஸ்டர் கழிந்து நடக்கிற அந்தத் திருவிழாவுக்கு ஆயா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போயிருக்கிறேன். குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வருவோம். இந்து வருவான், முஸ்லிம் வருவான். அந்த நெரிசலில் யாரும் யாரையும் "எந்தத் தெரு" என்று கேட்டதில்லை. வேளாங்கண்ணி நடைப்பயணத்திலும் அப்படித்தான், காவி கட்டிக்கொண்டு ஒரே புளியமரத்தடியில் படுத்துக் கிடப்போம். அப்படியானால் சாதி போய்விட்டதா? இல்லை. திருத்தலத்துக்கு வருகிறவனுக்கு அங்கே பங்கு கேட்கிற உரிமை கிடையாது. கும்பிட்டுவிட்டுப் போய்விடுவான். அதனால் அவனால் ஆபத்தும் இல்லை. ஊர்ப் பங்கில் அப்படியில்லை. அங்கே நிலம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, வேலை இருக்கிறது, பேரவை இருக்கிறது. பங்கிடவேண்டிய பொருள் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தீட்டும் இருக்கிறது.

இதெல்லாம் பட்டிக்காட்டுப் பழக்கம், படிப்பு வந்தால் போய்விடும் என்று சொல்கிற அறிவுஜீவிகளுக்கு நம் புதுச்சேரிச் சரித்திரத்தையே காட்டலாம். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் 1745 அக்டோபர் சேதி ஒன்று இருக்கிறது. புதுச்சேரிச் சம்பாக் கோயிலுக்குள்ளே, பறையர்கள் தனியாக உட்கார வடபக்கம் ஒரு சுவர். காரைக்கால் சாமியார் ஒருத்தர் எடுத்துச் சொல்ல, பறையர்கள் கூட்டமாகப் போய்ப் பெரிய சாமியாரிடம் முறையிட்டார்கள். சுவர் இடிபட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் பொங்கினார்கள். இதற்கு முந்தின வருஷம்தான், 1744-இல், பதினான்காம் ஆசீர்வாதப்பர் மலபார்ச் சடங்குகள் பற்றி ஆணை போட்டிருந்தார், பறையர்களைக் கவனிக்கவென்று தனியாகக் குருக்கள் என்கிற ஏற்பாட்டோடு. தீண்டாமையைக் கண்டித்த ஆணையே தனிச் சாமியாரையும் கொடுத்தது. இந்த ரெட்டை நாக்கு இன்று நேற்று முளைத்ததல்ல.

ஆனாலும் 1745-இல் நம் ஆட்கள் செய்ததைக் கவனியுங்கள். தனிக் கோயில் கேட்கவில்லை. நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எங்களுக்கு எதற்கு சுவர் என்று கேட்டார்கள். கல் சுவர் விழுந்தது. அதன் பிறகு அவர்கள் எழுப்பிய சுவர்களைக் கடப்பாரையால் இடிக்க முடியாது. வரிப் பட்டியல் ஒரு சுவர், தேர்ப்பாதை ஒரு சுவர்.

நம் மறைமாவட்டத்திலேயே எறையூர் இருக்கிறது. தலித் கத்தோலிக்கர்கள் தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று வன்னியக் கிறிஸ்தவர்கள் அவர்கள்மீது பாய்ந்தார்கள். போலீஸ் சுட்டதில் ரெண்டு பேர் செத்தார்கள், ரெண்டு பேரும் வன்னியக் கிறிஸ்தவர்கள். ஏவிவிட்ட சாதிப் பெருமை தன் பிள்ளைகளையே தின்றது. கும்பகோணம் மறைமாவட்டத்துக் கோட்டப்பாளையத்தில் இதே எங்கள் கதை: வரியில் சேர்ப்பதில்லை, தேர் தெருவுக்கு வருவதில்லை. அந்த வழக்கு உச்சநீதிமன்றம்வரை போய் 2025-இல் நோட்டீஸ் ஆகியிருக்கிறது. மாதாவின் தேர் எந்தத் தெருவில் திரும்பணும் என்று டெல்லியில் கேட்கவேண்டியிருக்கிறது.

மேலே இருப்பவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தமிழக ஆயர்கள் 1990-இல் பத்து அம்சத் திட்டம் போட்டார்கள். 2003-இல் இரண்டாம் யோவான் பவுல் போப் தமிழக ஆயர்களை நேரில் வைத்தே சாதியைக் கண்டித்தார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டுத் திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் கத்தோலிக்கரில் ஒரு கோடியே இருபது லட்சம் பேர் தலித்துகள் என்று அதே அறிக்கை சொல்கிறது. பெரும்பான்மை நாம்தான். நம்மை ஓரமாக நில் என்று சொல்கிற ஓரம் எது, நடு எது?

அரசு என்ன செய்கிறது? 1950 ஜனாதிபதி ஆணை இந்துக்களை மட்டும் பட்டியலில் வைத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்ந்தார்கள். புதுச்சேரிக்கென்று 1964-இல் வந்த ஆணையிலும் நாம் இல்லை. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மதத் தடையை நீக்கச் சொன்னது; கிடப்பில் கிடக்கிறது. 2024 நவம்பரில் நம் புதுச்சேரிப் பெண் ஒருவர் எழுத்தர் வேலைக்காகக் கேட்ட சாதிச் சான்றிதழை உச்சநீதிமன்றம் மறுத்தது. அவருடைய ஞானஸ்நானமே அவருக்கு எதிர்ச் சாட்சியாக வந்தது. பங்குப் பதிவேட்டில் பேர் இருந்தால் தாசில்தார் நம்மைத் தலித் இல்லை என்கிறார். அதே பதிவேட்டை வைத்திருக்கிற பங்கோ நம்மைத் தலித்தாக மட்டுமே நடத்துகிறது. 1989 வன்கொடுமைச் சட்டமும் பட்டியலில் இருப்பவனுக்குத்தான்.

சில தோழர்கள் கேட்கிறார்கள்: "அப்புறம் இன்னாத்துக்கு அங்க தொங்கிகினு கெடக்கற? அயோத்திதாசர் வழி இருக்கு, அம்பேத்கர் வழி இருக்கு, வெளிய வா." போகிறவர்களை நான் தடுக்கவில்லை. அது ஒரு விடுதலை. ஆனால் என் ஆயா அங்கே மண் சுமந்திருக்கிறாள். அவள் அந்தக் கிழக்கு வரிசையில்தான் படுத்திருக்கிறாள். நான் வெளியேறினால் கமிட்டிக்காரர்தான் முதலில் பெருமூச்சு விடுவார். அவருக்கு அந்த நிம்மதியைத் தர எனக்கு மனசில்லை.

இன்னொரு குரல் நம் பேட்டுக்குள்ளிருந்தே வருகிறது: "நாமளே ஒரு தேர் செஞ்சிக்கலாம், அவன் தேர் எதுக்கு?" இந்தக் கோபம் நியாயமானது. எறையூரில் தனிப் பங்கு கேட்டவர்களும் வேறு வழியில்லாமல்தான் கேட்டார்கள். எங்கள் ஊரில் ஆலோசனை வேறு மாதிரி வருகிறது. சாமியாரே சிரித்த முகத்தோடு, "உங்களுக்கு ஒரு சின்னத் தேர், செலவுல பாதி நான் ஏற்பாடு பண்றேன்" என்கிறார். 1744-இன் தனிச் சாமியார் இப்போது சின்னத் தேராக வருகிறார். வாங்கிக்கொண்டால் பெரிய தேரின் பாதையை அவர்களுக்கு நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

ஆகவே ஒரு யோசனை. திருவிழாக் கமிட்டிக்கு வங்கிக் கணக்கு இருக்கிறது. நோட்டீசில் எண்ணே போட்டிருக்கிறார்கள். வருகிற திருவிழாவுக்கு எழுபத்து மூன்று குடும்பமும், ஊர்க்காரன் கொடுக்கிற அதே தலைக்கட்டு வரியை, குடும்பத் தலைவர் பேரில், பெண் தலைமை என்றால் அந்தப் பெண் பேரில், சலான் எழுதிக் கட்டுவோம். அடிக்கட்டையைப் பத்திரமாக வைப்போம். அது நமக்கு நாமே வாங்கிக்கொள்கிற ரசீது. கூடவே தேர்ப்பாதையை மாற்றச் சொல்லிப் பங்குக்கும் பேராயர் இல்லத்துக்கும் பதிவுத் தபாலில் மனு. பணத்தைத் திருப்ப வேண்டுமா? தாராளமாகத் திருப்பட்டும். இந்த முறை ரோட்டு முனையில் நின்று கையில் திணிப்பதற்கு ஆள் போக மாட்டோம். காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும்.

அந்த எழுத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. 1955 குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமை காரணமாக ஒருவரை மத ஊர்வலத்தில் கலந்துகொள்ள விடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. வன்கொடுமைச் சட்டம்போல் இது பட்டியலில் இருப்பவனுக்கு மட்டும் என்று நிற்கவில்லை. கிறிஸ்தவன் என்று சொல்லி இந்தக் கதவை நமக்கு மூட முடியாது. மாணவத் தோழர்கள் மற்றப் பங்குகளிலும் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதுங்கள்: வரிப் பட்டியலில் யார் யார், தேர் எந்தெந்தத் தெருவில், பேரவையில் எத்தனை பேர். கவிதை நானே எழுதிக்கொள்கிறேன். எனக்கு வேண்டியது இந்தப் பட்டியல்.

அன்றைக்கு கவுண்டரில் நான் இருந்தால் எழுபத்து மூன்று சலானிலும் முத்திரை குத்துவது நான்தான். முதல் சலான் என் அம்மா பேரில். வரி வாங்கிய பிறகு தேர் எங்கள் முனையில் திரும்பினால், நாங்கள் அதன் முன்னால் நின்று கேட்போம்: எங்க பங்கு எங்கே?