விசிலுக்குப் பிறகு

2023 ஏப்ரலில் ஒடிசாவின் கட்டாக் மாவட்டத்தில், ‘நோ பால்’ தகராறில் நடுவராக நின்ற இளைஞரைக் குத்திக் கொன்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் துருக்கியில் நடுவர் ஹலில் உமுத் மெலரின் முகத்தில் ஒரு கால்பந்து கிளப்பின் தலைவரே ஓங்கி அடித்தார். லீக் ஆட்டங்கள் அத்தனையும் நிறுத்தப்பட்டன.

ஆட்டத்தின் கோபம் அங்கெல்லாம் நடுவர் மேல் பாய்ந்தது. நம் தாமிரபரணிக் கரையில் அது ஜெயித்தவனைத் தேடி வருகிறது. 2025 மார்ச் 10, ஸ்ரீவைகுண்டம் அருகே தேர்வெழுதப் பேருந்தில் போன 11ஆம் வகுப்பு தலித் மாணவரை வழிமறித்து வெட்டினார்கள், கைவிரல்கள் துண்டாயின. கபடியில் தோற்ற ஆத்திரம்தான் காரணம் என்றார் தந்தை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது.

சாத்தான்குளம் பக்கத்துக் கொடை விழாக் கபடியில் விசிலோடு நிற்பவரை நினைத்துப் பாருங்கள். பரிசுப்பணம் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். தலித் அணிக்கு நியாயமாக ஒரு பாயிண்ட் கொடுத்தால் அவருக்கும் அடி, அவர்களுக்கும் அடி. கொடுக்காவிட்டால் ஊரே அமைதி! அந்த அமைதியைத்தான் ‘சுமுகமாக நடந்தது’ என்று எழுதுகிறார்கள்.

பனியனில் சாதித் தலைவர் படம் கூடாது என்று அனுமதியில் நிபந்தனை போட்டால் போதாது. நடுவர் வெளியூர்க்காரராக இருக்கட்டும். ஜெயித்த அணி வீடு போய்ச் சேரும்வரை போட்டியை நடத்தியவர்களே பொறுப்பு என்றும் அதில் எழுதுங்கள்.