கடம்பாவின் மேல் சுமத்தப்பட்ட குற்றங்கள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போது மூன்று பேச்சுகள்தான். பென்ஷன், பேரப்பிள்ளைகள், எதைச் சாப்பிடக் கூடாது. முதல் இரண்டில் எனக்கு யாரோடும் சண்டை இல்லை. மூன்றாவதில் உண்டு.

கடம்பாவைப் பற்றித்தான் சொல்கிறேன். புத்தகத்தில் கணவாய். நம் புதுச்சேரியில் மீன்காரம்மாவிடம் கேட்பது கடம்பா. "கொலஸ்ட்ரால், தொடாதீங்க" என்கிறார் ஒருவர். "சூடு" என்கிறார் இன்னொருவர். "ரப்பர், செரிக்காது" என்கிறார் பல்செட் கட்டிய மூன்றாமவர். சொன்ன மூவரும் மாலையில் ரொட்டிக்கடையில் பப்ஸ் சாப்பிடுகிறார்கள். அதில் எவ்வளவு வனஸ்பதி என்று யாரும் கேட்பதில்லை.

அரசு அலுவலகத்தில் காலம் முழுக்கக் கோப்பு பார்த்தவன் நான். குற்றச்சாட்டு வந்தால் ஒவ்வொன்றாக எடுத்து, ஆதாரம் கேட்டு, பதில் எழுதி, பிறகுதான் மேலே அனுப்புவோம். கடம்பாவுக்கு அந்த நியாயம்கூடக் கிடைக்கவில்லை. விசாரணையே இல்லாமல் தண்டனை கொடுத்துவிட்டார்கள்.

முதல் குற்றச்சாட்டு: கொலஸ்ட்ரால்.

என் பழைய சகா ஒருவருக்கு ஒரு மருத்துவமனையில் அச்சடித்த உணவுத் தாள் கொடுத்தார்கள். 'தவிர்க்க வேண்டியவை' என்ற தலைப்பின் கீழ் "இறால், நண்டு, கணவாய்" என்று ஒரே வரி. எந்தக் கணவாய் என்று அதில் இல்லை. ஊசிக் கணவாய் வேறு, ஓட்டுக் கணவாய் வேறு. ஊசிக் கணவாய் நீளமாக, மெலிந்து, உள்ளே கண்ணாடித்தாள் போன்ற தண்டோடு இருக்கும். ஓட்டுக் கணவாய் அகன்று, தடித்து, உள்ளே வெள்ளை ஓட்டோடு இருக்கும். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் முதலாவதற்குக் கல்மார், இரண்டாவதற்கு செஷ் என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். 'லெசோன் தெ ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. அதில் வாத்தியார் கடற்கரையில் பொறுக்கிய கணவாய் ஓட்டை மேசை மேல் வைத்து, இது மீனே இல்லை, நத்தைக்கும் மட்டிக்கும் உறவு என்று விளக்குவார். பத்து வயதுப் பையன்களுக்குத் தெரிந்த வித்தியாசம் அந்த உணவுத் தாளுக்குத் தெரியவில்லை.

வித்தியாசம் பெயரில் மட்டும் இருந்தால் நான் பேசமாட்டேன். அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலைப் பாருங்கள். 100 கிராம் பச்சை ஊசிக் கணவாயில் கொலஸ்ட்ரால் சுமார் 233 மில்லிகிராம். அதே 100 கிராம் ஓட்டுக் கணவாயில் சுமார் 112 மில்லிகிராம், அதாவது பாதிக்கும் குறைவு. ஒரு பெரிய கோழிமுட்டையில் சுமார் 185. தினம் ஒரு முட்டை சாப்பிடலாம் என்று சொல்லும் அதே வாய், வாரம் ஒரு நாள் ஓட்டுக் கணவாய் கூடாது என்றால் அதற்கு என்ன கணக்கு?

இன்னொன்றும் உண்டு. உடம்பில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை நம் ஈரலே செய்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அதை ஏற்றிவிடுவது நிறைவுற்ற கொழுப்புதான். அது நெய்யில், வனஸ்பதியில், பாமாயிலில், ஆட்டுக்கொழுப்பில் இருக்கிறது. உணவில் நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் கூடாது என்று பல காலம் சொல்லி வந்த அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டியே, 2015 முதல் 2020 வரைக்கான பதிப்பில் அந்த எண்ணை எடுத்துவிட்டது. ஓட்டுக் கணவாயில் மொத்தக் கொழுப்பே 100 கிராமுக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. இதைக் கொழுப்புணவு என்று சொல்வது, வாடகை வீட்டில் இருப்பவனைப் பண்ணையார் என்று சொல்வது போல.

இரண்டாம் குற்றச்சாட்டு: சூடு, வாயு.

சித்த வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. கணவாய் ஓட்டைக் கடல்நுரை என்ற பெயரில் மருந்துச் சரக்காக வைத்திருப்பது அந்த வைத்தியம்தான். ஓடு வேறு, சதை வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "சூடு" என்று நம் வீடுகளில் சொல்லும்போது யாரும் வைத்தியரைக் கேட்டுச் சொல்வதில்லை. மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டு, எண்ணெய் மிதக்க வறுத்து, இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் கத்தரிக்காயும் சூடுதான். பழி கடம்பாவுக்கு.

மூன்றாம் குற்றச்சாட்டு: ரப்பர்.

இதில் குற்றவாளி சமைப்பவர். கடம்பாவுக்கு இரண்டே நேரக் கணக்கு உண்டு. இரண்டு மூன்று நிமிடம், அல்லது நாற்பது நிமிடத்துக்கு மேல். தீ பட்டதும் சதை நார்கள் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். அதற்கு முன்னே இறக்கினால் மெது. தாண்டிவிட்டால் பத்தாவது நிமிடம், பதினைந்தாவது நிமிடம் எல்லாம் செருப்புத் தோல். அங்கே பயந்து இறக்கிவிடுகிறார்கள். விடாமல் சிறு தீயில் வைத்தால், நார்களைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் கரைந்து கூழாகி, சதை மறுபடியும் மெதுவாகும். ஆட்டுக்கால் வேகும் அதே சூத்திரம்தான்.

கடற்கரைப் பக்கம் உள்ள சில சாப்பாட்டுக் கடைகள் செய்யும் அநியாயம் தனி. வளையமாக வெட்டி, மைதாவில் தோய்த்து, பலமுறை கொதித்த எண்ணெயில் பொரித்து, மயோனைஸ் கிண்ணத்தோடு வைத்து, 'கலமாரி' என்று விலை போடுகிறார்கள். அதைச் சாப்பிட்டு வயிறு உப்பியவர்தான் மறுநாள் நம்மிடம் வந்து கணவாய் ஆகாது என்கிறார். மைதாவும் எண்ணெயும் ஆகவில்லை ஐயா. நடுவில் இருந்த சதை பாவம்.

இனி எதிர்வாதத்தை விட்டு, ஏன் இதற்காக இவ்வளவு கோபப்படுகிறேன் என்று சொல்கிறேன்.

அந்த உணவுத் தாள் வாங்கிய சகா, அதை வேதமாக எடுத்துக்கொண்டார். மீன், முட்டை, கறி, கடம்பா எல்லாம் நின்றது. காலை மூன்று இட்லி, மதியம் ரசம் சோறு, மாலை இரண்டு ரஸ்க், இரவு கஞ்சி. "வயித்துக்கு லேசா இருக்குதுங்க" என்பார். நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரியவர்களுக்குச் சொல்லும் புரத அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். அறுபது கிலோ மனிதருக்கு 50 கிராம். வயதானவர்களுக்கு ஒரு கிராமுக்குக் குறையக் கூடாது என்று சொல்லும் மருத்துவர்கள் பலர். ஓர் இட்லியில் ஏறக்குறைய 2 கிராம். அவர் சாப்பாட்டை நான் கூட்டிப் பார்த்தேன். நாளுக்கு இருபதைத் தாண்டினாலே அதிகம்.

ஒரு வருடத்தில் தொடை மெலிந்தது. நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்றினார். பிறகு ஒரு நாள் குளியலறையில் விழுந்தார். இடுப்பு. இப்போது நடைவண்டியோடு நடக்கிறார். கடம்பா சாப்பிட்டிருந்தால் விழுந்திருக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விட்டதற்கு மாற்றாக என்ன சாப்பிட வேண்டும் என்று அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. 'தவிர்க்க' என்ற பட்டியல் நீளம், 'சாப்பிட' என்ற பட்டியல் குட்டை. வயதானவனுக்கு உணவு சொல்வது என்றால் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டே போவது என்று ஆகிவிட்டது. இதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கடம்பா தருவது என்ன? 100 கிராம் ஓட்டுக் கணவாய்ச் சதையில் 16 கிராம் புரதம், 80 கலோரிக்கும் குறைவு. இரும்பு 6 மில்லிகிராம். சுண்ணாம்புச் சத்து 90 மில்லிகிராம். செலினியம் நிறைய. செம்பும் உண்டு. அதன் ரத்தம் நீலமாக இருப்பதற்கே செம்புதான் காரணம். 'பி12' வைட்டமின் 3 மைக்ரோகிராம், ஒரு நாள் தேவையை மிஞ்சும். இந்த பி12 செடிகொடிகளில் கிடைக்காது. வயதானால் வயிறு அதை உறிஞ்சுவதும் குறையும். சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் குறையலாம். பாதம் மரத்துப்போவதையும் மறதியையும் "வயசாச்சு" என்று தள்ளிவிடுகிறோமே, சிலருக்கு அதன் பின்னால் இந்தக் குறைதான் இருக்கிறது.

ஆயுளும் குறைவு. ஓரிரண்டு ஆண்டுகள்தான் வாழும். அதனால் பல ஆண்டுகள் வாழும் சுறாவைப் போலப் பாதரசத்தைச் சேர்த்து வைப்பதில்லை.

யாருக்கு ஆகாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இறால், நண்டு சாப்பிட்டுத் தடிப்பு வந்தவர்களுக்கு இதிலும் வரலாம். தொடாதீர்கள். யூரிக் அமிலம், கவுட் உள்ளவர்கள் அளவைக் குறைக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் புரதமும் பாஸ்பரஸும் கணக்குப்படிதான். மருத்துவரைக் கேளுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஒன்று: கடம்பாவில் இயல்பிலேயே உப்பு உண்டு. குழம்பில் உப்பைக் கடைசியில், பாதி போடுங்கள். மற்றவர்களுக்குத் தடை இல்லை.

வாங்குவது பற்றி. பெரிய மார்க்கெட்டிலோ குப்பத்திலோ முழுசாக வாங்கி, கண்முன்னே சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தோலில் பழுப்பு வரிகள் தெளிவாக இருக்க வேண்டும். சதை வெள்ளையாக, இறுக்கமாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பு ஓடியிருந்தால் பழசு. மூக்கில் ஏறும் நெடி இருந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். ஏற்கெனவே வெட்டி, பால் வெள்ளையாக, உப்பிப்போய் இருப்பதை வாங்காதீர்கள். தண்ணீரைப் பிடித்து வைக்கும் உப்புகளில் ஊறவைக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. தண்ணீருக்குக் கடம்பா விலை கொடுப்பீர்கள். குடல், ஈரல் பகுதியை முழுக்க நீக்கிவிட வேண்டும். கெட்ட உலோகங்கள் சேர்வது அங்கேதான்.

நல்ல சரக்கு கிடைப்பதில்லை என்பது உண்மையான குறை. நம் கடலின் ஓட்டுக் கணவாய் உறைந்த பெட்டிகளில் ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் போகிறது. அங்கே என்ன செய்கிறார்கள் தெரியுமா? வெனிஸில் அதை அதன் மையிலேயே வேகவைக்கிறார்கள். பிரான்சின் தெற்கே செத் துறைமுகத்தில், பூண்டு மணக்கும் ரூய் சேர்த்துச் சமைப்பது அந்த ஊரின் பெருமை. அங்கே கிழவர்களும் கிழவிகளும் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். பிடிப்பது நம் ஆட்கள், சாப்பிடுவது அவர்கள், பயப்படுவது நாம்.

எங்கள் வீட்டுப் பக்குவத்தைச் சொல்கிறேன். சுத்தம் செய்த கடம்பா அரை கிலோ, சுண்டுவிரல் அகலத் துண்டுகள். மண்சட்டியில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய். நம்மூர் வடகம் ஒரு உருண்டை உதிர்த்துப் போட்டுப் பொரியவிடுங்கள். இந்த வடகத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் வாதூவான் என்று இப்போது கொண்டாடுகிறார்கள். ஒரு கை சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, இரண்டு தக்காளி, மஞ்சள், மல்லித்தூள், காரம் பாதி. கடம்பாவைப் போட்டு மூடிவிடுங்கள். தண்ணீர் வேண்டாம், அதுவே விடும். சிறு தீயில் முக்கால் மணி நேரம். கடைசியில் கொஞ்சம் புளித்தண்ணீர், மிளகு, உப்பு. பல் இல்லாதவர்களுக்குப் பொடியாக நறுக்கிக் குக்கரில் நாலு விசில் விட்டுப் பிறகு தாளிக்கலாம். சோற்றைக் குறைத்து, இதைக் கூட்டிச் சாப்பிடுங்கள். ஒன்றரைப் பங்கு, அதாவது 150 கிராம் சதை உள்ளே போனால் அன்றைய புரதத்தில் பாதி முடிந்தது.

நேரம் இல்லாதவர்களுக்கு: மெல்லிய துண்டுகள், நன்றாகக் காய்ந்த இரும்பு தோசைக்கல், பூண்டும் மிளகும். இரண்டே நிமிடம். எலுமிச்சை பிழிந்து இறக்குங்கள். அதற்கு மேல் ஒரு நிமிடம் போனால் என்னைத் திட்டாதீர்கள்.

"மாமா, இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று வீட்டில் மருமகள் அன்பாகத்தான் கேட்பாள். இந்த வயசில்தான் வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். இளையவர்களுக்குச் சதை தானாக ஒட்டும். நமக்கு ஒவ்வொரு பிடியும் சம்பாதித்துச் சேர்ப்பது. அடுத்த முறை யாராவது உணவுத் தாள் நீட்டினால், கோபப்படாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை நிறுத்துகிறேன் டாக்டர், அதற்குப் பதிலாக எதைச் சாப்பிட?" பதில் எழுதி வாங்காமல் எழுந்து வராதீர்கள்.